நம்ம ஆளுங்க படத்துல வாடகை வீடு ஏன் வர்றதே இல்ல?

மாம்பலம்_மெயில் எழுதியது:

‘காதல் என்பது பொதுவுடைமை’ய மறுபடி ஒரு வாட்டி பாத்தேன், இந்தத் தடவ வீட்ல உக்காந்து. 2025 பிப்ரவரி 14 தியேட்டருக்கு வந்தப்போ போய்ப் பாத்தவங்க இங்க எத்தன பேர்னு தெரியல. லிஜோமோல் தன் அம்மாகிட்ட லவ் பண்றேன்னு சொல்லுவாங்க. அம்மா ரோகிணி ஒரு பையன எதிர்பாத்துக் காத்திருப்பாங்க. வாசல்ல வந்து நிக்கிறது ஒரு பொண்ணு, அனுஷா பிரபு. ஊருக்கெல்லாம் முற்போக்கா பேசுற ஒரு அம்மா சொந்த வீட்டு ஹால்ல எந்த இடத்துல சறுக்குறாங்கன்றத ரோகிணி பண்ணியிருக்கறது அபாரம். அதுல எனக்கு சண்டையே இல்ல.

என் சண்டை வேற. நம்மள மாதிரி தன்பாலீர்ப்பாளர்கள வெச்சு எடுக்கற ஒவ்வொரு படமும் ஏன் வீட்ல சொல்ற அந்த ஒரு நாளோட முடிஞ்சு போகுது? மறுநாள்னு ஒண்ணு வருமே. அக்ரிமென்ட் யார் பேர்ல போடறது, புரோக்கர்கிட்ட என்ன உறவுன்னு சொல்றது, இபி பில் மெசேஜ் யார் போனுக்கு வரணும்... நம்ம பொழப்பு முக்காவாசி இதுலதானே ஓடுது.

எங்க வீட்டையே எடுத்துக்குங்க. டபுள் பெட்ரூம். அக்ரிமென்ட்ல என் பேர் மட்டும். என் ஜோடி, அவர், வெறும் ‘கூட இருக்கற ஃப்ரெண்டு’. ரெண்டாவது ரூம யாராவது வந்தா காட்டறதுக்குன்னே செட் பண்ணி வெச்சிருக்கோம். கட்டில், மடிச்ச போர்வை, மேஜை மேல ஒரு ஷேவிங் செட், கதவுக்குப் பின்னாடி ரெண்டு சட்டை. பொங்கலுக்கு எங்கம்மா வந்து அந்த ரூம்லதான் படுத்தாங்க. காலைல எழுந்து, “என்னடா, தலகாணில இன்னும் கடை வாசனையே போகல?”ன்னாங்க. புதுசு வாங்கினதும்மான்னு சொன்னேன். மேல எதுவும் கேக்காம காபி போடப் போய்ட்டாங்க.

இப்படி ஒரு ரூம எந்தத் தமிழ்ப் படத்துலயாவது பாத்திருக்கீங்களா? இந்தில ‘மேட் இன் ஹெவன்’ சீரிஸ்ல 2019-லயே தொட்டுட்டான். அர்ஜுன் மாத்தூர் குடியிருக்கற வீட்டோட ஓனர் வினய் பாடக், ஒளிஞ்சிருந்து வீடியோ எடுப்பார். அத பாத்த ராத்திரி நான் எங்க பெட்ரூம் வென்டிலேட்டருக்கு நியூஸ்பேப்பர் ஒட்டினேன். ஆனா அது டெல்லி. நம்ம சென்னை எங்க?

ஓஎம்ஆர்_ஓரம் எழுதியது:

ப்ரோ, வீடு தேடறத ரெண்டரை மணி நேரம் எவன் பாப்பான்? நேர்லயே தாங்க முடியல.

சீரியஸா சொல்றேன், அம்மா சீன் வேணும். இந்த இழைய படிக்கறவங்கள்ல பாதிப் பேர் அந்த சீனையே இன்னும் தாண்டல. நான் உட்பட. எனக்கு அந்தப் படம் ரிகர்சல் மாதிரி இருந்தது. ரோகிணி சொல்ற ஒவ்வொண்ணையும் எங்கம்மா குரல்ல கேட்டுட்டே உக்காந்திருந்தேன்.

அப்புறம், தொரைப்பாக்கம் பிஜில ஒரு ரூமுக்கு மூணு கட்டில். அங்க ஓனர் பிரச்சனை இல்ல, ரூம்மேட் பிரச்சனை. ஒரு நாள் கிரைண்டர்ங்கற நம்ம டேட்டிங் ஆப்ப திறந்தா மூணு மீட்டர்ல ஒருத்தர்னு காட்டுது. மேல் கட்டிலா, பக்கத்து ரூமா, சுவத்துக்கு அந்தப் பக்கமான்னு யோசிச்சு யோசிச்சு ஒரு வாரம் தூக்கம் போச்சு. இத எடுங்கய்யா படமா. த்ரில்லர்.

கோவை_சரளமா எழுதியது:

//மறுநாள்னு ஒண்ணு வருமே//

ஆமாங்க. ஆனா ஒண்ணு, பசங்க கதையும் பொண்ணுங்க கதையும் ஒண்ணு இல்லீங்க. ரெண்டு பொண்ணுங்க வீடு கேட்டுப் போனா ஓனரம்மாவுக்கு முதல்ல ஒரே குஷி. சுத்தமா வெச்சுக்குவாங்க, தண்ணியடிக்க மாட்டாங்க, ஆம்பளப் பசங்க வர மாட்டாங்க. கைய புடிச்சுட்டு நடந்தாலும் யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. அந்த வரைக்கும் நமக்கு லாபம். அடுத்த நிமிசமே, “அப்பா நம்பர் குடும்மா, ஒரு வார்த்த பேசிக்கறேன்”ம்பாங்க. அங்கதான் எல்லாம் நின்னு போகும். அப்பா நம்பர குடுக்க முடிஞ்சா நாம ஏனுங்க தனியா வீடு தேடறோம்?

இன்னொண்ணும் சொல்றேன். 2021 ஜூன்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த தீர்ப்ப எல்லாரும் பெருமையா பேசறோமே, அந்த வழக்கு எதுல ஆரம்பிச்சது? மதுரைல இருந்து ரெண்டு பொண்ணுங்க வீட்ட விட்டுக் கெளம்பி சென்னைக்கு வந்து தங்கறாங்க. வீட்ல காணோம்னு கம்ப்ளெய்ன்ட். போலீஸ் விசாரணைக்கு வருது. நிம்மதியா ஒரு எடத்துல தங்க விடுங்கன்னு கேட்டுத்தான் கோர்ட்டுக்குப் போனாங்க. எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு ஜட்ஜே ஒத்துக்கிட்டு ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட உக்காந்து கேட்டுட்டு வந்து தீர்ப்பு எழுதினார். ஆள மாத்தறேன்னு பண்ற ‘சிகிச்சை’க்குத் தடை போட்டார். அதுக்குப் பின்னாடி 2022-ல போலீஸ் நடத்தை விதிலயே 24-சி-ன்னு ஒண்ணு சேத்தாங்க, நம்மளயும் நமக்கு உதவி பண்றவங்களயும் போலீஸ் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. இவ்வளவும் நடந்தது ரெண்டு பேருக்குத் தங்க ஒரு எடம் வேணும்னுதான். கதை கண்ணு முன்னாடி கெடக்குது, ஒரு ஆளும் எடுக்கல.

கோடம்பாக்கம்_கிளாப் எழுதியது:

எடுக்கலன்னு சொல்றது ஈசி. நான் அசிஸ்டென்ட் டைரக்டரா இருக்கேன், எங்கன்னு கேக்காதீங்க. இந்த மாதிரி ஒரு கதைய ஆபீஸ் ஆபீஸா சொல்லியிருக்கேன். சேர்ல சாஞ்சு உக்காந்து கேப்பாங்க. இன்டர்வெல் வரைக்கும் ‘ம்’ கொட்டுவாங்க. அப்புறம் ரெண்டு கேள்விதான். ஒண்ணு, “அம்மா சென்டிமென்ட் எங்க தம்பி?” ரெண்டு, “ஹீரோ யாரு ஒத்துப்பாரு?”

ரெண்டாவது கேள்விதான் உயிர எடுக்கும். ‘காதல் தி கோர்’ எப்படி நடந்துச்சு? மம்மூட்டி நடிச்சார், கூடவே தயாரிச்சதும் அவரோட கம்பெனி. 2023 நவம்பர்ல ரிலீஸ். குவைத்லயும் கத்தார்லயும் விடல. மலையாளப் படத்துக்கு வளைகுடா எவ்ளோ பெரிய மார்க்கெட்னு யோசிச்சுப் பாருங்க, வேற தயாரிப்பாளரா இருந்தா அங்கயே பேப்பர மடிச்சு வெச்சிருப்பார். அங்கயும் வீடுதான், கோர்ட்டுதான், எலெக்‌ஷன்தான். மாத்யூவும் (மம்மூட்டிதான்) அவரோட ஆளு தங்கனும் சேந்து உக்காந்து ஒரு டீ குடிக்கற சீன் கூடக் கிடையாது. தங்கன் டிரைவிங் ஸ்கூல் கார்ல போவார், இவர் பாப்பார். பெரும்பாலும் அவ்ளோதான். அந்தப் படத்த எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேற விஷயம்.

நம்ம பக்கம் ரஞ்சித் 2022-ல ‘நட்சத்திரம் நகர்கிறது’ல பாண்டிச்சேரி நாடகக் குழுவுக்குள்ள ஆம்பள ஜோடி, பொண்ணு ஜோடி, திருநங்கைன்னு எல்லாரையும் வெச்சார். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லிட்டு இருக்க மாட்டாங்க, சும்மா இருப்பாங்க. அந்த ‘சும்மா இருக்கறது’தான் மாம்பலம் கேக்கறதுன்னு நினைக்கறேன். ஆனா அது நாடகக் குழு. கீழ் போர்ஷன் ஓனர் கிடையாது.

அதுக்கும் முன்னாடி 2010-ல ‘கோவா’. சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும். திட்டணும்னா திட்டிக்குங்க. ஒரு கமர்ஷியல் தமிழ்ப் படத்துல ஒரு ஜோடி ஜோடியாவே வந்து, சண்ட போட்டு, சாகாம, கொலைகாரனா மாறாம முடிஞ்சது எனக்குத் தெரிஞ்சு அதுலதான்.

ஓஎம்ஆர்_ஓரம் எழுதியது:

கோவாவையா?? அது ஃபுல்லா காமெடிக்கு வெச்சது ப்ரோ. அதுக்கு கொலைகாரனே மேல்.

பழைய_பல்லாவரம் எழுதியது:

தம்பிமார்களே, வயசுல மூத்தவன், ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்.

‘கோவா’வ நான் தியேட்டர்ல பாத்தேன், ஆபீஸ் ஆளுங்களோட. அந்த ரெண்டு பேரும் வர்ற போதெல்லாம் தியேட்டரே சிரிச்சது. நானும் சிரிச்சேன். பக்கத்துல இருந்தவங்களை விட கொஞ்சம் ஜாஸ்தியாவே சிரிச்சேன், அப்பதான் என்னை யாரும் பாக்க மாட்டாங்கன்னு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி ‘வேட்டையாடு விளையாடு’. அந்த ரெண்டு கொலைகாரன்களோட உறவைப் பத்தி ராகவன் கேப்பாரே, அந்த இடத்துல கைதட்டல். 2023-ல அதை மறுபடி ரிலீஸ் பண்ணினப்போ போனேன், அதே இடத்துல அதே கைதட்டல். இந்தத் தடவை தட்டினவங்க என் பிள்ளை வயசு.

நான் சொல்ல வந்தது அது இல்லை. வாடகை வீட்டைப் படமா எடுக்கலையேன்னு வருத்தப்படறீங்க. நான் எடுக்காதீங்கன்னு சொல்றேன்.

நான் மெட்ராசுக்கு வந்து திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருந்தவன். ஒரு ரூம்ல ரெண்டு பேர், மூணு பேர். ரெண்டு ஆம்பளை ஒரே பாய்ல படுத்தா அதுக்குப் பேரு சிக்கனம். யாரும் எதுவும் கேட்டது கிடையாது. அவரை அங்கதான் பாத்தேன். அப்புறம் பல்லாவரம் வந்து ஒரே வீட்ல இத்தனை வருஷம். தெருவுல பசங்க அவரை ‘மாமா’ங்கறாங்க, என்னை ‘சார்’ங்கறாங்க. ஏன் அவருக்கு மட்டும் மாமா பட்டம்னு எனக்கு இன்னி வரைக்கும் ஒரு சின்ன வயித்தெரிச்சல். மத்தபடி ஒரு குறையும் இல்லை. ஏன்? யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தோணலை. நாங்க அந்தத் தோணாமையிலதான் குடித்தனம் பண்ணிட்டிருக்கோம். நீங்க நல்லா ரெண்டரை மணி நேரம் படம் எடுத்து ஊர்ல இருக்கற ஓனருக்கெல்லாம் பாடம் நடத்திடாதீங்க.

மம்மூட்டி படம் வந்து கொஞ்ச நாள்ல திருச்சியிலேருந்து என் தங்கச்சி போன் பண்ணினா. படம் பாத்தேண்ணா, ஜோதிகா நல்லா பண்ணியிருக்கான்னா. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவர் பேரைச் சொல்லி, “அவர் நல்லா இருக்காரா?”ன்னு கேட்டா. இத்தனை வருஷத்துல அவ அவர் பேரைச் சொன்னதே இல்லை. எனக்கு சந்தோஷமா இருந்திருக்கணும். எரிச்சல்தான் வந்தது.

கோவை_சரளமா எழுதியது:

அங்கிள், கோவிச்சுக்காதீங்க. உங்க தங்கச்சி கேட்டது நல்ல விசயந்தானுங்களே?

பழைய_பல்லாவரம் எழுதியது:

முழுசா கேளும்மா. நல்லா இருக்காருன்னு சொன்னேன். அடுத்த வாக்கியமே, “அப்ப நம்ம ஊர் வீட்ல உன் பங்கு உனக்கப்புறம் யாருக்குண்ணா?”ன்னா.

மதுர_மல்லி எழுதியது:

ஐயோ அங்கிள் 😂😂 மன்னிச்சுக்கங்க, சிரிப்ப அடக்க முடியல.

எனக்கு இந்த வாடகை மேட்டர்ல வேற ஒரு டவுட்டு. நான் தாய்லாந்து பிஎல் (பாய்ஸ் லவ், ரெண்டு பசங்க காதலிக்கிற கதை) சீரிஸ் ஒண்ணு விடாம பாக்குறவ. அதுல எல்லாப் பயலுக்கும் இருபதாவது மாடில கண்ணாடி போட்ட காண்டோ. காலேஜ் படிக்கிறான். வாடகை யாரு கட்டுறா? அம்மா அப்பா எங்க? மெயின்டனன்ஸ் யாரு குடுக்குறா? ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அவுங்க ஊர்ல 2025 ஜனவரி 23-லருந்து கல்யாணமே சட்டப்படி பதிவு பண்ணலாம்னு வந்துருச்சு. சீரிஸ்ல மட்டும் இன்னும் முத முத்தத்துக்கு எட்டு எபிசோட் காத்துக்கெடக்கணும்.

ஆனா ஒண்ணுண்ணே, எங்க ஹாஸ்டல்ல அத பாக்காத பொண்ணு கிடையாது. ராஜா சார் பாட்டப் போட்டு எடிட் பண்ணி ஸ்டேட்டஸ் வைப்பாளுங்க. அதே பொண்ணு, பக்கத்து ரூம்ல ரெண்டு பேரு நெருக்கமா இருந்தா வார்டன்கிட்ட போய்ச் சொல்லுவா. இத எந்தக் கணக்குல சேக்குறதுன்னு எனக்குப் புரியல.

வடசென்னை_வாணி எழுதியது:

எல்லாம் படிச்சினே வந்தேன். பல்லாவரம் சார், உங்க மேல மரியாத இருக்கு. ஆனா ஒன்னு கேக்குறேன். யாருக்கும் தோணாத மாதிரி வாழுறதுக்கு உங்களுக்கு ஒரு வழி இருந்துச்சு. என்னைய மாதிரி திருநங்கைக்கு? தெருமுனைல திரும்பும்போதே ஓனருக்கு ‘தோணிரும்’. போர்டு தொங்கும், போன்ல பேசும்போது வீடு இருக்கும்பாங்க, நேர்ல போனா இப்பதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்பாங்க. குடுக்கறவங்களும் பக்கத்து வீட்டுக்கு வாங்கறத விட ஜாஸ்தி கேப்பாங்க, கரென்ட்டுக்கு அவங்க வெச்சதுதான் ரேட்டு.

நாட்லயே மொதல்ல திருநங்கைகளுக்கு நல வாரியம் வெச்சது தமிழ்நாடு, 2008-ல. அத நான் கொற சொல்ல மாட்டேன். சினிமாவ சொல்றேன். எங்கள எப்ப காட்னாலும் ரோட்லதான் காட்டுவான், சிக்னல்ல, ரயில்ல. கதவத் தாப்பா போட்டுட்டு உள்ள நாங்க என்ன பண்றோம்னு ஒருத்தன் காட்னதில்ல. ‘சூப்பர் டீலக்ஸ்’ல ஷில்பா வீட்டுக்கு வருவாங்க, புடவ கட்டுவாங்க, அந்தப் பையன் பாத்துட்டே இருப்பான். அந்த எடம் எனக்குப் புடிச்சுது. ஆனா அதையும் விஜய் சேதுபதிதான் பண்ணனும். எங்கள்ல ஒருத்திக்கு மேக்கப் போட்டு அந்த வேஷத்துல உக்கார வெக்க மனசு வரல.

அதனால வாடகை வீட்டப் படமா எடுங்க. எடுத்தா எங்க வீட்லருந்து ஆரம்பிங்க. உங்களுக்கு மறைக்க ஒரு ரூமாச்சும் இருக்கு.

மாம்பலம்_மெயில் எழுதியது:

வாணிக்கா சொன்னதுக்கு எதிர்ப்பேச்சு என்கிட்ட இல்ல.

//தோணாமையிலதான் குடித்தனம்// அங்கிள், இதுக்கு மட்டும் பதில். உங்களுக்கு அந்தத் தோணாமை வேலை செஞ்சது, ஏன்னா அது மேன்ஷன் காலம். இப்போ முப்பத்தஞ்சு தாண்டின ரெண்டு ஆம்பளைங்க ஒரே வீடு கேட்டா புரோக்கர் ஒரு பார்வை பாக்கறான். அவனுக்குத் தெரியுது. கூகுள் இருக்கு, மம்மூட்டி படம் இருக்கு, அவன் பொண்ணே பிஎல் பாக்கறா. தோணாத காலம் முடிஞ்சு போச்சு, ஒத்துக்கற காலம் இன்னும் வரல. நாங்க நடுவுல மாட்டியிருக்கோம். படம் எடுத்தாலும் எடுக்காட்டியும் அந்தப் பார்வை வருதே, அப்ப எங்க பக்கத்துக் கதைய நாங்களே சொல்லிடறது மேல் இல்லையா?

நிர்வாகி எழுதியது:

நம் கலாச்சாரம், சமூகம் என்று ஆரம்பித்து வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. எழுதியவருக்கு எச்சரிக்கை அனுப்பியாயிற்று. மற்றவர்கள் தயவுசெய்து வீடு காலி, ரூம் காலி என்று தெருப் பெயர், கதவு எண் எதையும் பொதுவில் போட வேண்டாம். போலி புரொஃபைல் வைத்து வரச்சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்கள் இதையும் படிக்கின்றன.

சிராங்கூன்_சிவா எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் ஓனரைப் பற்றிப் பேசுகிறீர்கள், இங்கே ஓனர் இடத்தில் அரசாங்கமே இருக்கிறது. வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, கல்யாணம் ஆனவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும். தனியாள் என்றால் 35 வயது ஆக வேண்டும். இரண்டு தனியாட்கள் சேர்ந்து வாங்கலாம், அதற்கும் இருவருக்குமே 35. அதனால் இங்கே எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு 35-ஆவது பிறந்தநாள் என்றால் அது கல்யாண வீடுதான். கேக் வெட்டும்போதே எந்தப் பேட்டை, எத்தனை அறை என்று பேச்சு ஆரம்பித்துவிடும். என் ஆளுக்கு 31, எனக்கு 38. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்கினார்கள். அதே மூச்சில் திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசியல் சாசனத்தையும் திருத்திவிட்டார்கள். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் பூட்டு. ஹோங் லிம் பூங்காவில் 2009-லிருந்து பிங்க் டாட் என்ற நம் ஆட்களின் ஒன்றுகூடல் நடக்கிறது. 2017-லிருந்து குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் உள்ளே போகலாம், வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நண்பன் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பான், நான் இந்தப் பக்கம். நிகழ்ச்சி முடிந்து தேக்காவில் சேர்ந்து பரோட்டா சாப்பிடுவோம்.

ஸ்காபரோ_சுதா எழுதியது:

நானும் ஒரு கதை சொல்லுறன். ரொறன்ரோவில கலியாணம் சட்டப்படி சரி, பிரச்சினையே இல்லை எண்டு எல்லாரும் நினைக்கிறவை. சட்டம் சரிதான். ஆனா ஸ்காபரோவில பேஸ்மென்ட் வாடகைக்கு விடுறது முக்கால்வாசி எங்கட ஆக்கள். நானும் என்ர ஆளும் வீடு பாக்கப் போனா, அந்த அன்ரி முதல்ல கேட்டது, “பிள்ளையள், நீங்கள் ஊரில எவடம்?” அவ ஊரைக் கேட்டு, ஊரில ஆர் ஆர் சொந்தம் எண்டு கண்டுபிடிச்சு, பின்னேரத்துக்குள்ள என்ர அம்மாவுக்கு ஃபோன் போயிட்டுது. வெள்ளைக்காரன்ர அபார்ட்மென்டுக்குத்தான் கடைசியில போனனாங்கள். வாடகை கூட. ஆனா அவன் எவடம் எண்டு கேக்கேல்லை.

படத்தைப் பற்றிக் கதைக்கிறபடியால், ‘ஃபனி போய்’ 2020-ல வந்ததே, தீபா மேத்தா எடுத்தது. எங்கட கதை, எங்கட கொழும்பு, 83 கலவரம். நான் எவ்வளவு ஆசையோட இருந்தனான் தெரியுமோ. அதில கதைச்ச தமிழைக் கேட்டிட்டு எழும்பிப் போகலாம் போல இருந்தது. முக்கியமான வேசங்களுக்குத் தமிழ் ஆக்கள் இல்லை எண்டு இஞ்ச பெரிய சண்டை நடந்து, பிறகு சில இடங்களுக்குத் திரும்ப டப்பிங் செய்தவை. கடைசியில கனடா ஒஸ்காருக்கு வெளிநாட்டுப் படமா அனுப்ப, இங்கிலீஸ் கூடிப்போச்சு எண்டு அவங்களே திருப்பி விட்டிட்டாங்கள். சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை.

பல்லாவரம் ஐயா சொன்னதில எனக்குப் பாதி விளங்குது. ஊரில, இலங்கையில, எங்கட மாதிரி உறவைக் குற்றமாக்கிற 365ஏ இப்பவும் சட்டப் புத்தகத்தில கிடக்குது. அங்க இருக்கிற என்ர சிநேகிதிமாருக்கு ஒருத்தருக்கும் தெரியாம இருக்கிறதுதான் பாதுகாப்பு. அவையளைப் படம் எடுத்துக் காட்டிக் குடுக்க ஏலாது.

கவுன்ட்டர்_மூணு எழுதியது:

பல்லாவரம் சார், உங்க தங்கச்சி கேட்ட கேள்வி தப்பான கேள்வி இல்ல. நான் பேங்க்ல வேல பாக்கறேன், அதனால சொல்றேன். இங்க படிக்கற எல்லாருக்கும்தான்.

ஜாயின்ட் அக்கவுன்ட் ஆரம்பிக்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கணும்னு எந்தக் காலத்துலயும் விதி கிடையாது. ‘எய்தர் ஆர் சர்வைவர்’னு போட்டா ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா மத்தவர் எடுத்துக்கலாம். நாமினியும் யாரை வேணா போடலாம். இருந்தும் கவுன்ட்டர்ல நெளிவாங்க, என்ன உறவும்பாங்க. அதனாலதான் நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல தனியா ஒரு அறிவிப்பே விட்டாங்க, தன்பாலீர்ப்பாளர் ஜோடிகள் கூட்டுக் கணக்கு ஆரம்பிக்கவும் ஒருத்தரை ஒருத்தர் நாமினியா போடவும் எந்தத் தடையும் இல்லன்னு. அதை பிரின்ட் எடுத்துட்டுப் போங்க. எங்க பிராஞ்ச்லயே அது தெரியாத ஆபீசர் உண்டு. ரேஷன் கார்டுல ஒரே குடும்பமா சேக்கலாம்னும் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கு.

ஆனா நாமினி வேற, வாரிசு வேற. நாமினி பணத்த கைல வாங்கறவர், அவ்வளவுதான். வாரிசு கேஸ் போட்டா குடுக்க வேண்டி வரும். வீடு, நிலம் எல்லாத்துக்கும் உயில் எழுதிடுங்க. முடிஞ்சா ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, பின்னாடி சண்ட வந்தா பலமா இருக்கும். 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் கல்யாணத்த மறுத்தாச்சு, அதனால சட்டம் தானா உங்க ஆளுக்கு எதுவும் தராது. 2025 மே மாசம் நம்ம ஹைகோர்ட், குடும்பம் அமைய கல்யாணம் ஒண்ணுதான் வழின்னு இல்லன்னு சொல்லியிருக்கு. நல்ல வார்த்தை. ஆனா சொத்துக்கு உயில்தான்.

மாம்பலம், நீங்க அக்ரிமென்ட்ல ரெண்டு பேர் பேரையும் போட்டுடுங்க. ‘கூட்டு வாடகைதாரர்’, முடிஞ்சது. உறவு எழுத வேண்டிய கட்டமே அதுல கிடையாது. அட்வான்ஸ் உங்க கணக்குலேருந்து போய், அவர் பேர் பேப்பர்ல இல்லன்னா நாளைக்கு அவரால அந்த வீட்ல நின்னு பேச முடியாது.

கோடம்பாக்கம்_கிளாப் எழுதியது:

உறவு எழுதற கட்டமே இல்லாத அக்ரிமென்ட். சார், இத நான் எடுத்துக்கலாமா? இன்டர்வெல் பிளாக்குக்கு.

சரி, கேலி இல்ல. இந்த இழையில இருந்தே ஒரு ஆந்தாலஜி தேறும் போல இருக்கே. கடை வாசனை போகாத தலகாணி, அப்பா நம்பர் கேக்கற ஓனரம்மா, வாணிக்கா வீடு, 35-ஆவது பிறந்தநாள். நீங்களே சீன் குடுங்க. ஒரே கண்டிஷன்: யாரும் யாருகிட்டயும் எதுவும் ‘சொல்ற’ சீன் கூடாது.

ஓஎம்ஆர்_ஓரம் எழுதியது:

மூணு மீட்டர். என் பேர் டைட்டில் கார்டுல வரணும். அது பக்கத்து ரூம் டைனிங் ஹால் அண்ணன்தான்னு கண்டுபிடிச்சுட்டேன், ஆனா அது செகண்ட் ஹாஃப்.

வடசென்னை_வாணி எழுதியது:

என் வீட்ட எடுத்தா நான்தான் நடிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்.

பழைய_பல்லாவரம் எழுதியது:

வேண்டாம்னு சொன்னவன்கிட்டயே கேக்கறீங்க. சரி, ஒண்ணு தரேன்.

எங்க ஓனர் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை குடுக்க புருஷனும் பொண்டாட்டியும் மாடிக்கு வந்தாங்க. கவர் மேல மஞ்சள் தடவி, என் பேர் எழுதி, பக்கத்துல ‘மற்றும் குடும்பத்தார்’னு அச்சு. குடும்பத்தார்னா வீட்ல இருக்கறது அவர் ஒருத்தர்தான். அவர் கவரை வாங்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம சாமி படத்துக்கு முன்னாடி வெச்சார்.

கல்யாணத்தன்னிக்குக் காலைல இருந்து எங்களுக்குள்ள தகராறு. மொய் ஒண்ணா ரெண்டா? அவர் ரெண்டு கவர் எடுத்துட்டு வந்துட்டார். ரெண்டு தனி ஆம்பளை, ரெண்டு தனி மொய், அதுதான் முறைன்னார். குடும்பத்தார்னு போட்டுக் கூப்பிட்டிருக்கான், ஒரு வீட்டுக்கு ஒரு மொய்தான்னு நான். மண்டபம் வர்ற வரைக்கும் ஆட்டோல சண்டை. மொய் எழுதற மேஜைகிட்ட போனா, நோட்டு வெச்சிருந்த பையன் நிமிர்ந்து பாத்து, “யார் பேர் எழுதட்டும்?”ங்கறான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு நிக்கறோம். பின்னாடி வரிசை. ஓனரோட மச்சான் பக்கத்துல இருந்தவர் எட்டிப் பாத்து, “மாடி வீட்டுக்காரங்கடா, ரெண்டு பேரையும் சேத்து எழுது”ன்னார்.

எழுதினான்.

மதுர_மல்லி எழுதியது:

அங்கிள்... எவ்ளோ வெச்சீங்க?

பழைய_பல்லாவரம் எழுதியது:

ஆயிரத்தொண்ணு. ரெண்டாயிரத்தொண்ணா வைக்கலாம்னு இவர் சொன்னார். பத்து மாச அட்வான்ஸ் அந்த ஆள்கிட்டதான் வட்டியில்லாம கிடக்குது, போதும்னுட்டேன்.